அத்தியாயம் 7: யார் மனதிலும் பிறக்காத பாஸ்வேர்டு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். வாசல் போர்டைப் படிக்கத் தெரிந்தால் போதும். கம்பெனிப் பெயர், முதல் எழுத்து பெரியது, பிறகு அட் குறி, பிறகு 123. திறக்கவில்லையா? 123-க்குப் பதில் நடப்பு ஆண்டைப் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஓனரின் காருக்கு முன்னால் போய் நில்லுங்கள், நம்பர் பிளேட்டில் இருக்கும். மகளின் பெயர், குலதெய்வத்தின் பெயர், கல்யாண நாள் எல்லாம் அதற்கடுத்த வரிசை. காதர்பேட்டை, மங்கலம் ரோடு, பல்லடம் ரோடு என்று நான் உட்கார்ந்து எழுந்த அலுவலகங்களில் பாதிக்கு மேல் இந்த ஆறுக்குள் அடங்கிவிட்டன. மீதியில் சில, மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் ஒட்டப்பட்டிருந்தன.

அலட்சியம் என்று யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆர்டர் நிட்டிங்கில் தொடங்கி சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எட்டு இடம் ஏறி இறங்குகிற ஊர் இது. வண்டி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நிற்கும்போது ஈ-வே பில் போடுகிறவருக்கு, பாஸ்வேர்டு என்பது வேலைக்குக் குறுக்கே வைத்த தட்டி. சீக்கிரம் விலகினால் சரி. (கடவுச்சொல் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எந்தக் கம்பெனியிலும் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. எனவே இந்த நூல் முழுக்க பாஸ்வேர்டுதான்.)

ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன அக்கவுண்டன்ட் திரும்பி வரவில்லை. இந்த ஊரில் அது செய்தியே இல்லை. ஆனால் 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்ய வேண்டும். "பாஸ்வேர்டு அந்தத் தம்பிக்குத்தானுங்க தெரியும்" என்றார் ஓனர். போன் சுவிட்ச் ஆஃப். மறந்துவிட்டது என்று பட்டனை அழுத்தினால் ஓடிபி போகும் நம்பரும் தம்பியுடையதே. ஐந்து ஆண்டுக்கு முன்பு அவர்தான் பதிவு செய்திருந்தார். நான்கு நாள் கழித்துத் தம்பி கிடைத்தார். பாஸ்வேர்டு அவருடைய அக்கா மகளின் பெயர், அவள் பிறந்த ஆண்டு. தம்பி நல்லவர், கேட்டதும் சொல்லிவிட்டார். கம்பெனிக் கதவுக்குத் தன் வீட்டுப் பூட்டைப் போட்டிருக்கிறோம் என்று அவருக்கும் தோன்றவில்லை, ஓனருக்கும் தோன்றவில்லை.

ஒருவர் யோசித்து வைக்கும் பாஸ்வேர்டு, வைத்தவருக்கே சொந்தமானது. அவருடைய வீடு, சாமி, ஆசை என்று ஏதோ ஒன்றிலிருந்து அது வருகிறது. அவரைத் தெரிந்தவருக்கு அது பாதி தெரிந்த மாதிரி. கம்பெனிக்கு வேண்டியது யார் மனதிலும் பிறக்காத ஒன்று. அதை உருட்டித் தருவதற்கு இலவச மென்பொருள் இருக்கிறது. இந்த அத்தியாயம் அதை உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பழக்கத்துக்குக் கொண்டுவருவதைப் பற்றியது.

முதலில் கதவுகளை எண்ணுங்கள்

ஒரு தாளை எடுத்து, உங்கள் கம்பெனி எங்கெங்கே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறது என்று எழுதுங்கள். ஜிஎஸ்டி, ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ், வருமான வரி, டிடிஎஸ் பார்க்கும் டிரேசஸ், பிஎஃப், இஎஸ்ஐ. ஏற்றுமதி உண்டென்றால் சுங்கத்துறையின் ஐஸ்கேட், டிஜிஎஃப்டி. இரண்டு பேங்கின் நெட் பேங்கிங். ஒவ்வொரு பையருக்கும் ஒரு வெண்டர் தளம். கூரியர். டேலி. சிசிடிவி, வைஃபை. எல்லாவற்றுக்கும் தலையாக, கம்பெனி ஈமெயில். மற்ற எல்லாக் கதவுக்கும் மாற்றுச் சாவி அந்த ஈமெயிலுக்குத்தான் வரும் என்பதால் அதைத் தாளின் உச்சியில் எழுதி வட்டமிடுங்கள்.

நடுத்தரக் கம்பெனி ஒன்றில் இந்தப் பட்டியல் இருபதைத் தொடும். இருபதுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு நினைவில் வைக்க யாராலும் முடியாது. அதனால்தான் ஒன்றையே எல்லாவற்றுக்கும் போடுகிறோம். எங்கோ ஒரு பழைய நூல் வியாபாரத் தளத்தில் போட்ட பாஸ்வேர்டு கசிந்தால், அதை எடுத்து ஈமெயிலில் போட்டுப் பார்ப்பது திருடனின் முதல் வேலை. போட்டுப் பார்ப்பது ஆள் அல்ல, புரோகிராம். அதற்குச் சலிப்பு கிடையாது.

எட்டு எழுத்தும் பதினாறு எழுத்தும்

2009 டிசம்பரில் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் அப்படியே வெளியே வந்தன. ஆராய்ந்தவர்கள் முதலிடத்தில் கண்டது 123456. அதை மட்டும் 2,90,000-க்கும் அதிகமானவர்கள் வைத்திருந்தார்கள். ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேர் தனித்தனியாக யோசித்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து திருட்டு புரோகிராம்கள் பல அந்தப் பட்டியலிலிருந்தே ஆரம்பிக்கின்றன. பெயருடன் 123 சேர்ப்பது, முதல் எழுத்தைப் பெரிதாக்குவது, ஏ-வுக்குப் பதில் அட் குறி போடுவது எல்லாம் அவற்றுக்கு அத்துபடி. நாம் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பது அங்கே முன்கூட்டியே எழுதி வைத்த விதி.

பிறந்த தேதி வைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60 ஆண்டுகளில் உள்ள மொத்த நாட்கள் 22,000-க்குள். ஒரு கம்ப்யூட்டர் அதைக் கண் சிமிட்டும் முன் முடித்துவிடும். செல்போன் நம்பர் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. மொத்தம் 400 கோடி. அதுவும் ஒரு விநாடிக்குத் தாங்காது. சந்தையில் கிடைக்கும் உயர்தர கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, எம்டி5 என்ற பழைய முறையில் மறைத்து வைத்த பாஸ்வேர்டுகளை விநாடிக்கு 16,000 கோடிக்கும் மேல் சோதிக்கும்.

கீபோர்டில் அடிக்கக்கூடிய எழுத்து, எண், குறி மொத்தம் 94. அவற்றிலிருந்து குலுக்கி எடுத்த எட்டு எழுத்து பாஸ்வேர்டை, மேலே சொன்ன கார்டு சுமார் பத்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஒரு ஷிப்டும் கொஞ்சம் ஓவர்டைமும். அதையே பதினாறு எழுத்தாக்கினால் எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 7 லட்சம் கோடி ஆண்டு ஆகும். எழுத்து இரட்டிப்பானால் உழைப்பும் இரட்டிப்பாகும் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. ஒவ்வொரு எழுத்து கூடும்போதும் அது 94 மடங்காகிறது. ஆனால் இந்தக் கணக்கு குலுக்கி எடுத்ததற்கு மட்டுமே செல்லும். கம்பெனிப் பெயரை நீட்டிப் பதினாறு எழுத்தாக்கினால் செல்லாது.

நம்மைப் போன்ற சின்ன ஆட்களை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷரில் கேஎன்பி என்று ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனம் இருந்தது. 158 ஆண்டுப் பழையது, 500 லாரி. 2023-ல் அகிரா என்ற கும்பல் அதன் கம்ப்யூட்டர்களில் புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிப் பணம் கேட்டது. ஓர் ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்தார்கள் என்று கருதப்படுகிறது. நிறுவனம் எழவே இல்லை. 700 பேருக்கு வேலை போயிற்று. லாரி ஓட்டுகிறவர்களைத் திட்டம் போட்டுத் தேடி வரவில்லை. பூட்டாத கதவு ஒன்று கையில் தட்டுப்பட்டது, அவ்வளவே.

எதை இறக்குவது, எங்கிருந்து

நான் பரிந்துரைப்பது கீபாஸ்எக்ஸ்சி. இதன் மூதாதை கீபாஸ். ஜெர்மனியைச் சேர்ந்த டொமினிக் ரைக்ல் 2003-ல் வெளியிட்டது, இன்றும் நல்ல நிலையில் இருக்கிறது. அதே குடும்பத்தில் தன்னார்வலர் குழு ஒன்று எடுத்து வளர்த்து, 2017 முதல் வெளியிட்டு வருவது கீபாஸ்எக்ஸ்சி. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது, பதிவு செய்யச் சொல்லாது. இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்யும். பாஸ்வேர்டுகள் எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போகாது. உங்கள் கம்ப்யூட்டரில் பூட்டிய ஒரே கோப்பாக இருக்கும். நிரல் முழுவதும் திறந்து கிடப்பதால் விஷயம் தெரிந்த யாரும் உள்ளே பார்த்துக் குறை சொல்லலாம்.

பிரவுசர் வழியாக பாஸ்வேர்டு உருட்டித் தரும் இணையதளங்களும் ஏராளம். அவற்றில் யோக்கியமானவையும் உண்டு. ஆனால் சாவி வெட்டக் கொடுக்கும்போது கடைக்காரர் இன்னொன்று வெட்டி வைத்துக்கொள்கிறாரா என்று நம்மால் பார்க்க முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மென்பொருளைச் சொல்வது அதனால்தான்.

இறக்கும்போதுதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கூகுளில் பெயரைத் தேடி, முதலில் வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். 2023-ல் கீபாஸ் பெயரில் கூகுள் விளம்பரமாகவே ஒரு போலித் தளம் வந்தது. அதன் முகவரியில் ஆங்கில 'கே' எழுத்துக்கு அடியில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. திரையில் தூசி என்று துடைத்துவிட்டுப் போகிற அளவு. அங்கே இறக்கியவர்களுக்கு மென்பொருளோடு வைரஸும் கிடைத்தது. கீபாஸ்எக்ஸ்சியின் சொந்தத் தளம் அதே பெயரில், கடைசியில் டாட் ஓஆர்ஜி என்று முடியும். முகவரியை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அடியுங்கள். மார்க்கெட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் தம்பி பென்டிரைவில் வைத்திருப்பதை வாங்கிப் போடவும் வேண்டாம்.

இன்னொன்று. பில் போடும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறதென்றால், அதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. ஓட்டைக் கூரையின் கீழ் பீரோவுக்கு மட்டும் நல்ல பூட்டுப் போட்டு என்ன பயன்? முதலில் கூரை.

உருட்டுவது எப்படி

கீபாஸ்எக்ஸ்சியைத் திறந்தால் மேல் வரிசையில் ஒரு பகடைப் படம் இருக்கும். அதுதான் பாஸ்வேர்டு ஜெனரேட்டர். டூல்ஸ் மெனுவிலும் கிடைக்கும். கணக்கு எதுவும் உருவாக்காமலே இதை அழுத்தி விளையாடிப் பார்க்கலாம். நீளத்தைக் கூட்டக் குறைக்க ஒரு தள்ளு பட்டை. அதன் கீழே பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று வரிசையாகப் பட்டன்கள். தரம் எவ்வளவு என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பாகவும் எண்ணாகவும் காட்டும்.

நீளத்தை 20-ல் வையுங்கள். தளம் ஏற்றுக்கொண்டால் அதுவே போதும். நம் அரசுத் தளங்கள் பல ஏற்காது. இதை எழுதும்போது ஜிஎஸ்டி தளம் 8 முதல் 15 எழுத்து வரைதான் அனுமதிக்கிறது. வருமான வரித் தளம் 14-ல் நிறுத்திவிடுகிறது. அங்கே அவர்கள் விடும் உச்சத்தையே வையுங்கள், 15 என்றால் 15. 8 போதும் என்று தளம் சொல்வது, வாசலில் தலை இடிக்காமல் நுழையலாம் என்று சொல்வது போல. குனிந்துதான் போக வேண்டும் என்று அர்த்தமில்லை. சில தளங்கள் சில குறிகளை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தினால் வேண்டாத குறிகளை விலக்கலாம்.

ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளை விலக்கவும் வழி உண்டு. ஆங்கில 'ஓ'-வும் சைபரும், சின்ன 'எல்'-லும் பெரிய 'ஐ'-யும் எண் 1-ம் குழப்பும். யாராவது போனில் வாசித்துக் காட்ட வேண்டிவரும், அல்லது தாளில் எழுதிப் பீரோவில் வைக்க வேண்டிவரும் என்ற பாஸ்வேர்டுகளுக்கு அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பலம் குறைவது கொஞ்சம்தான்.

வந்ததை அப்படியே எடுங்கள். இங்கேதான் மனசு கேட்காது. ஒரு ஓனர் பக்கத்தில் உட்கார்ந்து "இதுல கூட்டுத்தொகை ஆறு வரலைங்க, இன்னொன்னு போடுங்க" என்று பதினொரு தடவை உருட்ட வைத்தார். கணக்குப்படி அதனால் பெரிய நஷ்டமில்லை. இருக்கிற வாய்ப்புகளில் ஒன்பதில் ஒரு பங்கு மிஞ்சும், இவ்வளவு நீளத்தில் அது தாங்கும். ஆனால் பன்னிரண்டாவது தடவை பொறுமை போய், கடைசி இலக்கத்தை அவரே 6 என்று மாற்றினார். அடுத்த மாதம் இன்னும் இரண்டு எழுத்தை மாற்றியிருப்பார். அதன் பிறகு அது பழையபடி அவர் மனதில் பிறந்ததாகிவிடும்.

மாதிரிக்கு ஒரு நல்ல பாஸ்வேர்டு கொடுங்கள் என்று வகுப்புகளில் கேட்பார்கள். இந்த நூலில் ஒன்றுகூட அச்சிடவில்லை. அச்சிட்டால் யாராவது ஒருவர் அதையே போட்டுவிடுவார்.

ரெசிபி தெரிந்தால் ஷேடு வரும்

உருட்டித் தருகிற எல்லா மென்பொருளும் நிஜமாகவே உருட்டுவதில்லை. சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது உடனே பிடிபடும். லேப் டிப்பில் அங்கீகாரம் வாங்கிய ரெசிபி ஒன்று. அதே சாயம், அதே அளவு, அதே சூடு, அதே நேரம் என்றால் நாளைக்கும் அதே ஷேடு வர வேண்டும். சாதாரண கம்ப்யூட்டர் நிரல் எண்களை உருட்டுவதும் அப்படித்தான். உள்ளே போடும் முதல் எண் ஒன்றென்றால், வெளியே வருவதும் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றே. துணிக்கு அது நல்லது. பாஸ்வேர்டுக்குக் கேடு.

உலகப் பெயர் பெற்ற காஸ்பர்ஸ்கி நிறுவனத்தின் பாஸ்வேர்டு மென்பொருளில் இது நடந்தது. அது உருட்டுவதற்கு முதல் எண்ணாக எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை, அதுவும் விநாடிக் கணக்கில். ஒரே விநாடியில் உலகத்தில் எங்கே யார் அழுத்தினாலும், அமைப்பு ஒன்றாக இருந்தால், ஒரே பாஸ்வேர்டு வரும். 2010 தொடக்கம் முதல் 2021 தொடக்கம் வரை மொத்தமே சுமார் 34.7 கோடி விநாடிகள்தான். ஆக, பாஸ்வேர்டும் அவ்வளவுதான். திரையில் பார்த்தால் எழுத்தும் குறியுமாகப் பிரமாதமாக இருக்கும். எல்லாவற்றையும் சோதித்தாலும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். கணக்கு எப்போது தொடங்கப்பட்டது என்று தெரிந்தால் அதுவும் வேண்டாம். லெட்ஜர் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வுக் குழு கண்டுபிடித்துச் சொன்னது, காஸ்பர்ஸ்கி திருத்தியது, 2021 ஜூலையில் விவரம் வெளிவந்தது.

நல்ல மென்பொருள் கடிகாரத்தை நம்பாது. ஆபரேட்டிங் சிஸ்டம், கம்ப்யூட்டருக்குள் நடக்கும் எண்ணற்ற சின்னச் சின்னத் தற்செயல்களையும் பிராசசரின் மின் இரைச்சலையும் சேர்த்துக் கலக்கி வைத்திருக்கும் தொட்டியிலிருந்து மொள்ளும். அந்த ரெசிபியைத் திரும்பச் செய்ய அதை உருட்டிய கம்ப்யூட்டராலும் முடியாது. எக்ஸெல்லில் ரேண்ட் சூத்திரம் போட்டுப் பாஸ்வேர்டு தயாரிக்கும் தம்பிகள் சில அலுவலகங்களில் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அந்தச் சூத்திரம் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல.

நினைவில் வைக்க வேண்டிய ஒன்றே ஒன்று

உருட்டிய இருபதையும் கீபாஸ்எக்ஸ்சியின் பூட்டிய கோப்புக்குள் போட்டுவிடுவோம். அந்தக் கோப்பைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு மட்டும் மனிதத் தலைக்குள் இருக்க வேண்டும். அதையும் நீங்கள் யோசிக்கக் கூடாது.

ஜெனரேட்டரிலேயே பாஸ்ஃபிரேஸ் என்று பக்கத்தில் ஒரு தாவல் இருக்கிறது. எழுத்துகளுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களை உருட்டித் தரும். இந்த வழி 1995-ல் அர்னால்ட் ரைன்ஹோல்ட் என்பவர் சொன்னது. ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதம் விழும். அதற்கு 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். விழுந்த எண்ணுக்கு நேரே உள்ள சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு சொல் எடுத்தால் சேர்க்கைகள் 2-க்குப் பின்னால் 23 சைபர். கூடவே கீபாஸ்எக்ஸ்சி, ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு விநாடியளவு வேலை வைத்து திருடனைத் தாமதப்படுத்துகிறது. ஆறு சொல் நமக்கு தாராளம்.

கம்ப்யூட்டரையே நம்பமாட்டேன் என்பவர் லூடோ பகடையை வைத்து உருட்டலாம். கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு இருக்கும் தாயக்கட்டை ஆகாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆகும். ஆனால் இரண்டு கட்டையின் கூட்டுத்தொகையை எடுக்கக் கூடாது. நாலு பக்கக் கட்டை இரண்டும் பதினாறு விதமாக விழுவதில், மூன்று என்ற தொகை நான்கு விதத்தில் வரும், ஆறு என்ற தொகை ஒரே விதத்தில்தான் வரும், சமவாய்ப்பு இல்லை. ஒரு கட்டையில் நூல் கட்டி அடையாளம் வைத்து, தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். தாத்தா காலத்துப் பித்தளைக் கட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அதை விளையாட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலச் சொற்கள் வாயில் நுழையவில்லை என்றால், தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிய பட்டியல் ஒன்றைத் தயாரித்து மென்பொருளுக்குக் கொடுக்கலாம். சொந்தப் பட்டியலை ஏற்கும். சில ஆயிரம் சொல்லாவது இருக்க வேண்டும். தமிழில் இருப்பதால் பலம் கூடிவிடாது, குலுக்கி எடுப்பதால்தான் பலம். எழுத்துக்கூட்டலை மட்டும் ஒழுங்காகத் தீர்மானியுங்கள். 'ழ'-வை இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் எழுதுகிறவர் தன் கோப்புக்கு வெளியிலேயே நிற்க வேண்டியதுதான்.

மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வழியே இல்லை. கஸ்டமர் கேர் கிடையாது. டேலியில் டேலிவால்ட் போட்டு மறந்து, ஓர் ஆண்டுக் கணக்கை மறுபடி அடித்தவர்களுக்கு இந்த வலி தெரியும். ஆகவே தாளில் எழுதுங்கள். ஆம், தாளில்தான். எழுதி உறையில் போட்டு ஒட்டி, வீட்டு பீரோவிலோ பேங்க் லாக்கரிலோ வையுங்கள். தாளைத் திருட ஆள் நேரில் வர வேண்டும். மானிட்டரில் ஒட்டுவதும் பீரோவில் வைப்பதும் ஒன்றல்ல.

கோப்பை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, ஒன்றையாவது கம்பெனிக்கு வெளியே வையுங்கள். பஞ்சுத் தூசி பறக்கும் கட்டடத்தில் தீ எப்படி ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிய பாஸ்வேர்டு சேர்க்கும் நாளெல்லாம் நகலையும் புதுப்பிக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் முடிந்த கையோடு என்று வழக்கம் வைத்துக்கொண்டால் மறக்காது.

ஆள் மாறும்போது

90 நாளைக்கு ஒரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் பழக்கம், 2003-ல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்புக்காக பில் பர் என்ற அதிகாரி எழுதிய வழிகாட்டியிலிருந்து உலகெங்கும் பரவியது. எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே 2017-ல் சொல்லிவிட்டார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த அமைப்பும் அதே ஆண்டு விதியை மாற்றிக்கொண்டது. பையரின் ஆடிட் படிவங்கள் சிலவற்றில் அந்தக் கேள்வி இன்னும் இருக்கிறது. அவர்களிடம் வாதாட வேண்டாம், உருட்டுவது ஒரு பட்டன்தானே, மாற்றிவிடுங்கள்.

திருப்பூருக்கு வேறு நாள்காட்டி. கசிந்தது என்று சந்தேகம் வந்தால் உடனே, ஆள் விலகினால் அன்றே மாற்ற வேண்டும். தீபாவளி போனஸுக்கும் பொங்கலுக்கும் நடுவில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, விலகியவர்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் புதிதாக உருட்டுங்கள். முன்பு இது ஒரு வாரத் தலைவலி. இப்போது ஒரு மதியம்.

பகிர்வதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. ஈ-வே பில் தளத்தில் ஒரே பாஸ்வேர்டை டிஸ்பேட்ச், அக்கவுண்ட்ஸ், ஆடிட்டர் ஆபீஸ் மூன்று பேரும் வைத்திருக்க வேண்டாம். சப்-யூசர் உருவாக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் வரி செலுத்துவோர் அனைவருக்கும் அங்கே பாஸ்வேர்டுடன் ஓடிபியும் கட்டாயம் என்பதால், ஓனர் கோவையில் கல்யாணத்தில் இருக்கும்போது லாரி வாசலில் நிற்காமலிருக்கவும் சப்-யூசரே வழி. அவரவர் செல்போனுக்கு அவரவர் ஓடிபி. ஆள் போனால் அந்தப் பெயரை மட்டும் நிறுத்தினால் போதும். பதிவு செய்த மொபைல் நம்பரும் ஈமெயிலும் கம்பெனியுடையதாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்த யாரோ ஒருவரின் நம்பர் இருப்பதைக் கண்டு நீங்கள் ஆச்சரியப்படலாம். எனக்கு ஆச்சரியம் விட்டுப்போய்விட்டது.

ஆடிட்டருக்கு பாஸ்வேர்டு அனுப்ப வேண்டியிருந்தால் வாட்ஸ்அப்பில் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ஒரே செய்தியில் அனுப்பாதீர்கள். போனில் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வேறு உருட்டுங்கள்.

இது எதைத் தடுக்காது

20 எழுத்து பாஸ்வேர்டும், போலிப் பக்கத்தில் நீங்களே கொண்டுபோய் ஒட்டினால் போனதுதான். நம் ஊருக்கு இன்னும் பெரிய அபாயம் வேறு. பையரின் ஈமெயிலிலோ உங்கள் ஈமெயிலிலோ ஒருவன் சத்தமில்லாமல் உட்கார்ந்து, கடிதப் போக்குவரத்தை மாதக்கணக்கில் படிப்பான். ஷிப்மென்ட் போய், பணம் வர வேண்டிய வாரத்தில், உங்கள் பெயரிலேயே பையருக்கு எழுதுவான்: எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, புதிய நம்பர் இதோ. அமெரிக்காவின் எஃப்பிஐயிடம் 2023-ல் மட்டும் இந்த வகை மோசடியில் 290 கோடி டாலர் இழந்ததாகப் புகார்கள் வந்தன. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர், பையரோடு பேசுவது பெரும்பாலும் ஈமெயிலில்தான். எனவே ஈமெயிலுக்கு உருட்டிய பாஸ்வேர்டும் இரண்டாம் அடுக்கு ஓடிபியும் கட்டாயம். அதற்கு மேல், அக்கவுண்ட் நம்பர் மாறும் எந்தச் செய்தியையும் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் நம்பக் கூடாது என்று பையரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். பேங்குகளுக்கிடையே பணம் நகரும் முன் பிடிக்க வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். முதல் நாள் மாஸ்டர் பாஸ்வேர்டும் கம்பெனி ஈமெயிலும் மட்டும். மாஸ்டரை அன்று பத்து முறை அடித்துப் பார்த்து விரல்களுக்குப் பழக்குங்கள். இரண்டு நாள் கழித்து நெட் பேங்கிங். பிறகு தாளில் உள்ள வரிசைப்படி நாளுக்கு இரண்டு. நெட் பேங்கிங்கை மாற்றும் நாள் சனிக்கிழமையாக இருக்க வேண்டாம். நாற்பது பேர் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும்போது புதுப் பாஸ்வேர்டைத் தப்பாக மூன்று முறை அடித்து அக்கவுண்ட் பூட்டிக்கொண்டால், அதற்கு இந்த நூலில் அத்தியாயம் இல்லை.